வெள்ளம் தொடாத சுவர்

அத்தியாயம் 6

"மூணு பேரும் தேனா ஒழுகுதாங்க மேடம். எனக்குச் சந்தேகமே அங்கனதான் வருது."

பவுல்ராஜ் கையிலிருந்த நோட்டை மேசைமேல் போட்டுவிட்டு, மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் சரக்கை எண்ணிக் குறித்த மனிதர். விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த ஆறே மாதத்தில், "இவர் வாய்க்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று மனைவி மாதா கோயிலில் நேர்ந்துகொண்டதாகச் சொல்வார். அந்த நேர்ச்சை பலித்த இடம்தான், வண்ணார்பேட்டையில் செருப்புக்கடைக்கு மேலே இருந்த ஷஃபீகாவின் துப்பறியும் அலுவலகம்.

ஷஃபீகா தலையை நிமிர்த்தவில்லை. ஒரு வங்கியின் கடன் பிரிவில் பன்னிரண்டு வருஷம் பத்திரங்களைச் சரிபார்த்தவள். காகிதத்தைப் படிக்கும்போது அவள் புருவம்கூட அசையாது.

"என்ன சொன்னாங்க மூணு பேரும்?"

"ஒருத்தர் வீட்டுச் செவுத்துல ஆணி அடிச்சா ஆணிதான் வளையுதாம். இன்னொருத்தருக்கு வீட்டுச் சாவியை வெள்ளித் தட்டுல வச்சுக் கொடுத்தாராம். மூணாவது அம்மா எனக்குப் பாயசமே கொடுத்துட்டாவ."

"குடிச்சீங்களா அண்ணாச்சி?"

"சாட்சி மனசு நோகக் கூடாதுல்லா. ரெண்டு டம்ளர் குடிச்சேன்."

"பில்டர் தன் கையால எழுதிக் கொடுத்த பேருங்க. அவங்க நல்லதுதான் சொல்லுவாங்க. அவரோட சண்டை போட்டவங்க யாருன்னு கேட்டேனே?"

பவுல்ராஜ் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். "சிமெண்டுக் கடை, கம்பிக் கடைன்னு நேத்து பூரா ஏறி இறங்கினேன். ஒரே ஒரு பேருதான் வருது. மேலப்பாளையம் அலி அஸ்கர். இந்த பில்டரை நம்பி, இருந்த வீட்டையும் தோத்த மனுஷன்."

அப்போதுதான் அவருடைய செல்போன் அடித்தது. லிண்டா.

லிண்டா அவருக்குத் தூரத்து உறவில் மகள் முறை. புன்னக்காயலில் இரண்டு வீடு தள்ளி வளர்ந்தவள். பத்தொன்பது வருஷமாகக் குவைத்தில் நர்ஸ். ஊரோடு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. வந்தால் மாத வருமானத்துக்கு ஒரு வழி வேண்டும். தச்சநல்லூரில் திருஞானசம்பந்தத்தின் மருதநிழல் பில்டர்ஸ் கட்டிக்கொண்டிருந்த குடியிருப்பில் இரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விடலாம் என்று முடிவு செய்திருந்தாள். கையிருப்பு பாதிதான் வந்தது. மீதிக்குக் கரைச்சுடர் ஹவுசிங் பைனான்ஸ் கடன் தருகிறது. அதற்கு ஈடாக, புன்னக்காயலில் அம்மா இருக்கும் வீட்டின் மூலப் பத்திரத்தைக் கொடுக்க வேண்டும். பத்து நாள் முன்பு இந்த அறைக்கு வந்து அவள் கேட்டது ஒரே கேள்வி: இந்த பில்டரை நம்பலாமா?

"சித்தப்பா, இன்னிக்கு மூணு மணிக்குப் பத்திரத்தைக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமை நான் பிளேன் ஏறணும். விசாரிச்சாச்சா?"

"விசாரிச்சிட்டே இருக்கோம் பிள்ளை. நாங்க சொல்லாம கையெழுத்து மட்டும் போட்டுராத."

மணி பதினொன்றரை. ஷஃபீகா ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள். பவுல்ராஜ் பெருமூச்சு விட்டார். நடுக்கடலில் பயப்படாதவருக்கு அவளுடைய ஸ்கூட்டரின் பின்சீட்டு மட்டும் ஆகாது.

மேலப்பாளையம் கடைத்தெருவில், தையல்காரர்களுக்குப் பட்டனும் நூல்கண்டும் விற்கும் ஒடுங்கிய கடை. உள்ளே உட்கார்ந்திருந்த அலி அஸ்கருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். தாடி மட்டும் அறுபதைத் தொட்டிருந்தது.

"திருஞானசம்பந்தமா? அந்தப் பேரைக் கடைக்குள்ள சொல்லாதீய. எந்திரிச்சுப் போங்க."

"காக்கா, இன்னொரு பொம்பளை இன்னிக்கு மூணு மணிக்கு அதே ஆளை நம்பிக் கையெழுத்துப் போடப் போகுது," என்றாள் ஷஃபீகா, அவரை அண்ணன் முறை வைத்து. "அதைத் தடுக்கணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவர் பட்டன் பெட்டியை மூடி வைத்தார்.  பிறகு கல்லாவுக்குக் கீழே குனிந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு ஃபைலை எடுத்தார்.

"நான் சார்ஜாவுல இருந்தேம்மா. வண்ணார்பேட்டைக்குப் பின்னால, ஆத்தோரமா இடம் வாங்கி வீடு கட்ட அந்தாளுகிட்ட ஒப்படைச்சேன். வாப்பா கட்டுன இந்த ஊர் வீட்டை ஈடா வச்சேன். கடன் கொடுத்தவங்க மூணு தவணையாப் பணம் விடுவாங்க. அடித்தளம் போட்டதும் ஒண்ணு, சுவரு எழும்புனதும் ஒண்ணு, கான்கிரீட் போட்டதும் ஒண்ணு. ரெண்டு தவணை போயிட்டு. அப்புறம் ஒருநாள் அவங்ககிட்ட இருந்து இந்தக் கடுதாசி வந்துச்சு."

ஷஃபீகா வாங்கிப் படித்தாள். 2024 மார்ச் பத்தாம் தேதி நேரில் பார்வையிட்டதாகவும், வேலை சுவர் மட்டத்திலேயே நிற்பதாகவும், பில்டர் கட்டவில்லை என்பதால் மூன்றாம் தவணை நிறுத்தப்படுவதாகவும் கடிதம் சொன்னது. கூடவே ஒரு கலர் போட்டோ. நான்கு செங்கல் சுவர்கள், மேலே வெறும் வானம். பக்கத்து வீட்டின் வெள்ளை மதில் ஓரத்தில் தெரிந்தது. கீழ் மூலையில் தேதி அச்சாகியிருந்தது.

"நீங்க போய்ப் பாக்கலையா?"

"சார்ஜாவுல இருந்து எங்கன வந்து பாக்க? வீட்டுக்காரிக்கு அந்த இடமே தெரியாது. ஊருக்கு வந்தப்புறமும் அந்தப் பக்கம் போக மனசு வரலை. கோவத்துல நான் மாசத் தவணை கட்டுறதை நிறுத்திட்டேன். கட்டாத வீட்டுக்கு எதுக்குக் கட்டணும்னு தோணுச்சு. அடுத்தடுத்து நோட்டீஸ் வந்துச்சு. கடைசியில வாப்பா வீட்டை ஏலம் விட்டுட்டாங்க."

"பில்டர் மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கலையா?"

அலி அஸ்கர் தெருவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "வட்டிக் கடன் வாங்குனது வீட்டுப் பெரியாட்களுக்குத் தெரியாதும்மா. வீடு போனதுக்கு வேற காரணம் சொல்லி வச்சிருக்கேன். வட்டி ஹராம்னு சொல்லி வளத்தவுக. எந்த வாயோட போய்ச் சொல்லுவேன்? யாருக்கும் தெரியாம அழுதுட்டு விட்டுட்டேன்."

பவுல்ராஜ் ஃபைலைத் தன் பக்கம் இழுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

ஃபைலின் அடியில் பத்திர அலுவலகத்தில் எடுத்த நகல் ஒன்று இருந்தது. ஏலத்தில் வீட்டை வாங்கியவர் பெயர் சுடலைவடிவு, தச்சநல்லூர். ஒட்டியிருந்த போட்டோ நகலில் கறுத்துப்போயிருந்தது. முகமே தெரியவில்லை. கறுப்புக்குள் இரண்டு வெள்ளைப் புள்ளிகள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் பளிச்சென்று நின்றன.

"இதென்ன, பூனைக் கண்ணா?" என்றார் பவுல்ராஜ்.

"ரெண்டு பக்கமும் மூக்குத்தி," என்றாள் ஷஃபீகா.

"அவுகளைப் பாக்க ஒருநாள் போனேன்," என்றார் அலி அஸ்கர். "வாப்பா நட்ட மாதுளை நிக்கி, அதை மட்டும் வெட்டிராதீங்கன்னு கேக்கத்தான். போனா ஒத்தை அறை ஓட்டு வீடு. அதுவும் பூட்டிக் கெடக்கு. இவ்வளவு பெரிய வீட்டை வாங்குனவுக இங்கனயா இருப்பாகன்னு திரும்பி வந்துட்டேன்."

"இந்தப் போட்டோவைக் கொஞ்சம் கொடுங்க காக்கா. சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் கொடுத்திருதேன்."

வெளியே வந்ததும் பவுல்ராஜ் ஹெல்மெட்டை மாட்டினார். "முடிஞ்சுது மேடம். பில்டர் ஒரு திருடன். லிண்டாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு, ஒரு பிரியாணி சாப்பிட்டுட்டுப் போவோம்."

"அந்தச் சுவரைப் பாத்துட்டுச் சொல்லுவோம்."

"சுவரு பேசுமா?"

"மனுஷங்களைவிட நல்லாப் பேசும்," என்று சொல்லி அவள் வண்டியைக் கிளப்பினாள்.

வண்ணார்பேட்டையின் பஸ் இரைச்சலைத் தாண்டி ஆற்றை நோக்கி இறங்கும் ஒரு முடுக்குச் சந்து. அதன் கடைசியில் முள்ளும் எருக்கும் மண்டிய மனை. கதவு, ஜன்னல் இல்லாமல் ஒரு வீடு நின்றது. ஆனால் அதற்குக் கூரை இருந்தது. முழுக் கான்கிரீட்.

பவுல்ராஜ் போட்டோவைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். "பில்டருக்கு அப்புறமா மனசாட்சி வந்து கூரை போட்டிருப்பானோ?"

"இந்த ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க அண்ணாச்சி. சரக்கு எண்ணுன ஆளுல்லா நீங்க. போட்டோவுல ஏதாவது குறையுதா?"

அவர் எண்ணத் தொடங்குமுன் பின்னால் ஒரு குரல் அதட்டியது.

"ஏலே, யாருலே அது?"

முட்களை மிதித்துக்கொண்டு ஒருவர் வந்தார். கட்டையான உருவம், சட்டைப் பையில் சிமெண்டுத் தூசி, கையில் ஒரு துண்டு இரும்புக் கம்பி. பவுல்ராஜ் தன்னையறியாமல் ஷஃபீகாவுக்கு முன்னால் வந்து நின்றார். நின்ற பிறகுதான், தன் கையில் போட்டோவைத் தவிர வேறு ஆயுதம் இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

"கம்பி திருட வந்தீங்களா? ஏற்கெனவே பாதியைக் கொண்டு போயாச்சு."

"நீங்கதான் திருஞானசம்பந்தம் அண்ணாச்சியா?" என்று கேட்டாள் ஷஃபீகா.

கம்பி இறங்கவில்லை. "நான்தான். நீங்க யாரு?"

"இந்த வீட்டை ஏன் பாதியில விட்டீங்கன்னு கேக்க வந்தவங்க."

"அதை சார்ஜாக்காரர்கிட்டப் போய்க் கேளுங்க." அவர் முகம் சிவந்துவிட்டது. "வெள்ளத்துல சிமெண்ட் மூட்டை பூரா ஆத்தோட போச்சு. அப்பவும் வாக்குக் கொடுத்தாச்சேன்னு, பிப்ரவரியில கைக்காசைப் போட்டுக் கான்கிரீட் போட்டேன். மூணாவது தவணையைக் கேட்டுக் கரைச்சுடர் பைனான்ஸ் ஆபீஸுக்குப் போனா, அந்தாள் கட்டலைன்னு சொல்லிட்டாங்க. கடன் வாங்குனவர் மாசத் தவணை கட்டலை, அதனால பணம் விட முடியாதுன்னு. ஒரு போன்கூட அவர் பண்ணலை. அந்த வெறுப்புல நானும் பண்ணலை. ஆனாலும் என் கையால கட்டுனதுல்லா, மனசு கேக்காம அப்பப்ப வந்து பாத்துட்டுப் போறேன்."

ஷஃபீகாவின் புருவம் அன்றைக்கு முதல்முறையாக அசைந்தது.

"என்ன சொன்னாங்க? அந்த வார்த்தையை அப்படியே சொல்லுங்க."

"அந்தாள் கட்டலைன்னு சொன்னாங்க."

"அலி அஸ்கர் காக்காவுக்கு வந்த கடுதாசியிலயும் அதேதான் இருக்கு அண்ணாச்சி. அவர் கட்டலைன்னு. அவர்கிட்ட, நீங்க வீடு கட்டலைன்னு. உங்ககிட்ட, அவர் தவணை கட்டலைன்னு. ஒரே வார்த்தையை ரெண்டு பேருக்கும் சொல்லி, ரெண்டு பேரையும் பேசவிடாமப் பண்ணியிருக்காங்க."

அவள் போட்டோவை நீட்டினாள். திருஞானசம்பந்தம் கம்பியைக் கீழே போட்டுவிட்டு வாங்கிப் பார்த்தார். "இது நவம்பர்ல எடுத்தது. ரெண்டாவது தவணைக்கு அவங்க ஆளு வந்து எடுத்தான். நான்தான் ஏணி பிடிச்சேன்." பிறகு மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. "மார்ச்சா? மார்ச்சுல இங்க யாருமே வரலையே."

"நீங்க சொல்லுததை எப்படி நம்புதது?" என்று கேட்ட பவுல்ராஜின் பார்வை தற்செயலாகப் பக்கத்து வீட்டு மதிலில் விழுந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

மதிலில் நெஞ்சு உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடியது. கோட்டுக்குக் கீழே சுண்ணாம்பு முழுக்கச் சேற்று நிறம். அந்த முடுக்கில் எல்லாச் சுவரிலும் அதே உயரத்தில் அதே கோடு. 2023 டிசம்பரில் தாமிரபரணி ஊருக்குள் வந்து இரண்டு நாள் நின்றுவிட்டுப் போன அடையாளம். இந்த வீட்டுச் செங்கல்லிலும் அது இருந்தது.

போட்டோவில் மதில் பால் போல வெள்ளையாக இருந்தது.

"மேடம்," என்றார் பவுல்ராஜ் பைய. "வெள்ளம் டிசம்பர்ல வந்துச்சு. போட்டோவுல மார்ச்சுன்னு போட்டிருக்கு. கோடு எங்க போச்சு?"

"போகலை. அப்போ வரவே இல்லை. நவம்பர் போட்டோவுக்கு மார்ச் தேதி போட்டிருக்காங்க. தேதியை மாத்துனவங்க ஆத்தை மறந்துட்டாங்க."

திருஞானசம்பந்தம் அந்த முள்ளுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வருஷமா அந்த மனுஷனை ஏசிட்டு இருந்தேனே," என்றார்.

ஷஃபீகா அதற்குள் லிண்டாவை அழைத்துவிட்டாள். மூன்றாவது முறைதான் லிண்டா எடுத்தாள்.

"லிண்டா, பில்டரை வெளியாள் வச்சு விசாரின்னு உங்ககிட்ட சொன்னது யாரு?"

"பைனான்ஸ் மேனேஜர் ஜாய்சி மேடம்தான். நம்மளைப் பத்தி எவ்வளவு அக்கறை பாருங்க. உங்க பேரைச் சொன்னதே அவங்கதான். சித்தப்பா அங்க இருக்கிறதே எனக்கு அப்புறம்தான் தெரியும்."

பவுல்ராஜ் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நோட்டில் பில்டர் பெயரை அடித்துவிட்டு ஜாய்சி என்று எழுதினார்.

"இப்போ எங்க இருக்கீங்க?"

"அவங்க ஆபீஸ் வாசல்ல. வக்கீல் சீக்கிரம் போகணுமாம். மூணு மணிங்கிறதை ரெண்டாக்கிட்டாங்க. உள்ளே கூப்பிடுதாங்க, வச்சிருதேன்."

"லிண்டா, பத்திரத்தை..."

தொடர்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மணி இரண்டாக எட்டு நிமிஷம்.

"அண்ணாச்சி, உங்க நோட்டுல இருக்க நம்பருக்கு அடிச்சு அலி அஸ்கர் காக்காவைக் கரைச்சுடர் ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க. பில்டர் அண்ணாச்சி, நீங்களும் வாங்க," என்று இருவரிடமும் சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டரை நோக்கி ஓடினாள்.

வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் மூன்று பஸ்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. ஷஃபீகா இரண்டு பஸ்ஸுக்கு நடுவே வண்டியை நுழைத்தாள். பவுல்ராஜ் கண்ணை மூடிக்கொண்டு அந்தோணியாரைக் கூப்பிட்டார்.

"எனக்கு ஒண்ணு விளங்கலை மேடம். தப்புப் பண்ணுதவங்களே துப்பறியுற ஆளை ஏன் அனுப்புதாங்க?"

"எல்லாருடைய கண்ணும் பில்டர் மேலயே இருக்கணும்ல. கடன் கேட்டுப் போனா அவங்க நம்ம சம்பளத்தை விசாரிக்காங்க, நம்ம பத்திரத்தை விசாரிக்காங்க. பரீட்சை எழுதுற பயத்துல, வாத்தியார் யாருன்னு நாம கேக்குறதே இல்ல. நானும் பத்து நாளாக் கேக்கலை அண்ணாச்சி."

அவள் வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். பவுல்ராஜ் கண்ணைத் திறந்தார். புன்னக்காயலில் இந்நேரம் லிண்டாவின் அம்மா வீட்டு நடையில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பாள். வீடு கைமாறப் போவது அவளுக்குத் தெரியாது.

கரைச்சுடர் அலுவலகத்தின் கண்ணாடிக் கதவருகே ஒரு பெண் மறித்தாள். "மேடம் மீட்டிங்ல இருக்காங்க."

"அந்த மீட்டிங்குக்குச் சாட்சிக் கையெழுத்து நான்தாம்மா," என்றார் பவுல்ராஜ், நடையை நிறுத்தாமல். "பேனாகூடக் கொண்டாந்திருக்கேன்."

உள்ளறையில் குளிர் காற்று முகத்தில் அறைந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஜாய்சி. இழுத்து வாரிய தலை, இளஞ்சிவப்புச் சேலை, வந்தவர்களைப் பார்த்ததும் விரிந்த சிரிப்பு. இந்தப் பக்கம் லிண்டா, கையில் திறந்த பேனா. நடுவில் பழுப்பேறிய மூலப் பத்திரம். அதன் மேல் ஜாய்சியின் உள்ளங்கை.

"வாங்க ஷஃபீகா மேடம். உங்க ரிப்போர்ட்டுக்குத்தான் காத்துட்டிருக்கோம். பில்டர் எப்படி?"

"நல்ல பில்டர். லிண்டா தாராளமா அவர்கிட்ட வீடு வாங்கலாம்."

லிண்டாவின் முகம் தெளிந்தது. பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. பவுல்ராஜ் பேனாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஒரு வரி மட்டும் சேத்துட்டா முடிஞ்சுது," என்றாள் ஷஃபீகா. "ஒவ்வொரு தவணைக்கும் வேலையைப் பாக்க வரும்போது, லிண்டா சார்பா ஒருத்தரும் பில்டரும் கூட நிக்கணும். எடுக்குற போட்டோவுல மூணு பேரும் கையெழுத்துப் போடணும். இந்த ஒரு வரி."

சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் பத்திரத்தின் மேலிருந்த கை அழுந்தியது. "இது ஹெட் ஆபீஸ் அச்சடிச்ச படிவம். ஒரு எழுத்துக்கூட மாத்த முடியாது."

லிண்டா நிமிர்ந்தாள். "ஏன் மாத்த முடியாது? ஆஸ்பத்திரியில ஒரு ஊசி போடணும்னாக்கூட நாங்க ரெண்டு பேரு பாத்துக் கையெழுத்துப் போடுவோம். கூட ஒரு கண்ணு பாத்தா என்ன கஷ்டம்?"

"நீங்க களைப்பா இருக்கீங்க லிண்டா. முதல்ல டீ சாப்பிடுங்க." ஜாய்சி கதவுப் பக்கம் திரும்பி, "சுடலைவடிவக்கா, டீ கொண்டாங்க," என்றாள்.

பத்திர நகலில் பார்த்த பெயர். பவுல்ராஜ் ஷஃபீகாவைத் திரும்பிப் பார்த்தார்.

தட்டோடு உள்ளே வந்தாள் ஒரு பெண். ஐம்பது வயதுக்கு மேல். கழுத்தில் அலுவலக அட்டை, இடுப்பில் செருகிய துடைக்கும் துணி. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி மின்னியது.

ஷஃபீகா முன்னால் போய்த் தட்டை ஒரு கையால் தாங்கிக்கொண்டாள். "அக்காவுக்கு வீடு எங்கன?"

"தச்சநல்லூரும்மா."

"சொந்த வீடா?"

"சொந்தமா?" அவள் வெட்கத்தோடு சிரித்தாள். "ஒத்தை அறை, வாடகைதான்."

"அக்கா, நீங்க போய் வேலையைப் பாருங்க," என்றாள் ஜாய்சி.

"பத்திர ஆபீஸுக்கு எப்பவாவது போயிருக்கீங்களா?" ஷஃபீகாவின் குரல் மாறவில்லை.

"மேடம் மூணு தடவை கூட்டிட்டுப் போனாங்க. எனக்குப் பென்ஷனுக்கு எழுதுறதாச் சொன்னாங்க. போட்டோ எடுத்து, விரல் ரேகை வாங்குனாங்க. இன்னும் வரலை." அவள் ஜாய்சியைப் பார்த்தாள். "வந்துரும்லா மேடம்?"

"அக்கா, மேலப்பாளையத்துல உங்க பேர்ல ஒரு வீடு இருக்கு. ஏலத்துல நீங்க வாங்குனதாப் பத்திரத்துல போட்டிருக்கு."

ஜாய்சி நாற்காலியை இன்னும் முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"இந்த ஊருல சுடலைவடிவுன்னு ஆயிரம் பேர் இருப்பாங்க," என்றாள் ஜாய்சி. சிரிப்பு போயிருந்தது.

"இருக்கலாம்," என்றார் பவுல்ராஜ். "அந்த ஆயிரம் பேரும் தச்சநல்லூர்ல குடியிருந்து, ரெண்டு பக்கமும் மூக்குத்தி போட்டு, உங்ககூட மூணு தடவை பத்திர ஆபீஸுக்கு வந்திருந்தா நாங்க மன்னிப்புக் கேட்டுருதோம்."

லிண்டா பேனாவை மூடினாள். கையை நீட்டிப் பத்திரத்தின் ஓரத்தைப் பிடித்தாள். "எங்கம்மா வீட்டுப் பத்திரத்தைக் கொடுங்க."

ஜாய்சி கையை எடுக்கவில்லை. "உங்க கடன் வேலை ஆரம்பிச்சாச்சு. எழுதிக் கொடுத்துட்டு, ஒரு வாரம் கழிச்சு வந்து வாங்கிக்கோங்க."

இரண்டு பெண்களின் கைக்கு நடுவே பழைய காகிதம் விறைத்து நின்றது. இழுத்தால் கிழியும். பவுல்ராஜ் ஒரு அடி வைத்தார். ஷஃபீகா கண்ணாலேயே அவரை நிறுத்தினாள். அவள் பார்வை சுடலைவடிவின் மேல் இருந்தது.

சுடலைவடிவு தட்டை மேசையில் வைத்தாள். டீ கொஞ்சம் சிந்தியது. பழக்கத்தில் துணியை எடுத்தவள், துடைக்கவில்லை.

"மூணு தடவை போனேனே மேடம்," என்றாள். "அப்போ என் பேர்ல எத்தனை வீடு இருக்கு?"

அதட்டல் இல்லை. கேட்கத் தெரியாத ஒருத்தி கேட்ட கேள்வி. ஜாய்சியின் கண் அவள் முகத்திலிருந்து விலகிக் கதவுக்குப் போனது. கண்ணாடிக்கு அப்பால் அலி அஸ்கரும், அவருக்குப் பின்னால் திருஞானசம்பந்தமும் வந்து நின்றிருந்தார்கள். பத்திரத்தின் மேலிருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

லிண்டா அதை எடுத்துக் கைப்பையில் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். 

மூன்று மணிக்கு எல்லாரும் வெளியே வெயிலில் நின்றார்கள். ஜாய்சி உள்ளே யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தாள். வேறு எங்கும் அவள் போகாமல் பார்த்துக்கொள்ள, வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார் பவுல்ராஜ். ஷஃபீகா காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டிய புகாரை ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்து எழுதினாள். போட்டோ, கடிதம், பத்திர நகல் எல்லாவற்றையும் வரிசையாகக் குறிப்பிட்டாள். முதல் கையெழுத்தை அலி அஸ்கர் போட்டார். "வீட்டுல ஏசட்டும். இனி மறைச்சு என்ன ஆகப்போகுது," என்றார். பேனாவைத் திருஞானசம்பந்தத்திடம் நீட்டும்போது இருவருக்கும் ஒருவரையொருவர் பார்க்க முடியவில்லை. பில்டர்தான் முதலில் வாய் திறந்தார். "கூரை போட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. நாளைக்கு வந்து பாருங்க."

"எனக்கும் அந்த ரெண்டு வீடு வேணும்," என்றாள் லிண்டா. "கடன் வேற இடத்துல பாத்துக்கிடுதேன். அந்த ஒரு வரியை எழுதச் சம்மதிக்கிற இடமா."

சுடலைவடிவு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கையில் சுருட்டி வைத்திருந்தாள். கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றவள், பைய அலி அஸ்கர் பக்கம் வந்தாள்.

"அய்யா, அது உங்க வீடுதான். எங்க ரேகை வைக்கச் சொன்னாலும் வச்சுத் தந்துருதேன்." கொஞ்சம் தயங்கினாள். "சும்மா ஒண்ணு கேக்கட்டா? அந்த வீட்டுல தண்ணிக் குழாய் உள்ளுக்கே இருக்கா?"

அலி அஸ்கர் அவள் பக்கம் முழுதாகத் திரும்பினார்.

"ரெண்டு இருக்கு தாயி," என்றார்.

"ரெண்டா," என்றாள் அவள். பிறகு ஷஃபீகாவிடம் திரும்பி, புகாரில் ரேகை வைக்கக் கட்டை விரலை நீட்டினாள்.